கோர்வை விட்ட இடம்

பிள்ளையார்பாளையத்தில் காலை ஏழு மணிக்கெல்லாம் தறிச் சத்தம் தொடங்கிவிடுகிறது. காஞ்சிபுரத்தின் நெசவாளர் பகுதி இது. ஒரு சந்துக்குள் நுழைந்து, தெரிந்தவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தேன். உள்ளே குழித்தறி. தறிக்காரருக்கு அறுபது வயதிருக்கும். அவருக்கு வலப்பக்கம் அவர் மனைவி. புடவையின் உடல் அரக்கு, கரை மாம்பழ மஞ்சள். அவர் இடது கரைக்கு ஒரு நாடா, உடலுக்கு ஒரு நாடா எறிகிறார். வலது கரையின் நாடாவை அந்த அம்மா பிடித்துத் திருப்பி விடுகிறார். உடல் இழையும் கரை இழையும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு திரும்பும் இடம் இருக்கிறதே, அதற்குத்தான் கோர்வை என்று பெயர்.

“உடம்பை யார் வேணாலும் நெய்யலாம் சார். கோர்வைலதான் கை தெரியும்” என்றார்.

புடவை கிழிந்தாலும் கரை பிரியாது என்று காஞ்சிப் பட்டுக்கு ஒரு பேர் உண்டு. அந்தப் பேரை வாங்கிக் கொடுத்தது சரிகையோ பட்டோ இல்லை, இந்த மூட்டு. ஒரு புடவைக்குப் பத்துப் பதினைந்து நாள், இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வோர் ஊடைக்கும் இந்த மூட்டைப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஒருவர் எழுந்து போனால் தறி நின்றுவிடும்.

அங்கிருந்து கிளம்பும்போது எனக்கு நினைவுக்கு வந்தது ஓர் அரசு அலுவலகம்.

அலைந்த கதை

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் குடும்பத்துக்கு ஒரு வாரிசுச் சான்று தேவைப்பட்டது. எந்த ஊர், எந்த அலுவலகம் என்பது இங்கே வேண்டாம். எந்த ஊரானாலும் கதை ஒன்றுதான். இ-சேவை மையத்தில் விண்ணப்பம் ஐந்து நிமிடத்தில் ஏறிவிட்டது. பிறகு கிராம நிர்வாக அலுவலர் (வி.ஏ.ஓ.) விசாரிக்க வேண்டும்; விசாரித்தார், தன்மையாகவே பேசினார். அடுத்து வருவாய் ஆய்வாளர் (ஆர்.ஐ.). அவரும் நல்ல மனிதர். “நான் அனுப்பிட்டேனே” என்றார் வி.ஏ.ஓ. “எனக்கு வரலையே” என்றார் ஆர்.ஐ. தாலுகா அலுவலகத்தில் கேட்டால், “கீழே இருந்து வரணும்.” மூன்று மாதம் இப்படியே போனது. யாரும் கை நீட்டவில்லை, யாரும் எரிந்து விழவில்லை. அவரவர் வேலையை அவரவர் செய்துகொண்டுதான் இருந்தார்கள். இரண்டு மேசைகளுக்கு நடுவே எங்கள் மனு தொங்கிக்கொண்டிருந்தது.

அரசு ஊழியரைப் பற்றி டீக்கடையில் இரண்டே கட்சிதான். ‘எல்லாரும் சோம்பேறிகள், சாட்டையைச் சுழற்று’ என்பது ஒன்று. ‘ஆள் இல்லை, சம்பளம் இல்லை, என்ன செய்வார்கள்?’ என்பது இன்னொன்று. முதல் கட்சிக்காரர் ஆளைத் திட்டுகிறார், இரண்டாம் கட்சிக்காரர் ஆளை எண்ணுகிறார். மனு தொங்கிய அந்த இடைவெளியை இருவருமே பார்ப்பதில்லை.

அந்த இடைவெளியைப் பார்க்கக் காஞ்சிபுரத்தைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. சமீப ஆண்டுகளில் இரண்டு முறை இந்த ஊர், அதே அரசு ஊழியர்களை வைத்துக்கொண்டே யாரும் எதிர்பாராத வேலையைச் செய்து காட்டியது.

நாற்பத்தெட்டு நாள்

2019 ஜூலை 1. வரதராஜப் பெருமாள் கோயிலின் அனந்தசரஸ் குளத்திலிருந்து நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு அத்தி வரதர் வெளியே வந்தார். முந்தைய முறை 1979; அடுத்தது 2059. ஜூலை மாதம் முழுக்க சயனக் கோலம், ஆகஸ்ட் 1 முதல் நின்ற கோலம். ஆகஸ்ட் 17 அன்று மறுபடி குளத்துக்குள். அந்த நாற்பத்தெட்டு நாளில் வந்தவர்கள் ஒரு கோடிக்கும் மேல் என்று கணக்கிடப்பட்டது. 2011 கணக்கெடுப்பின்படி காஞ்சிபுரம் நகரின் மக்கள்தொகை 1.64 லட்சம்தான். ஒரு நாளில் ஊரைவிடப் பெரிய கூட்டம் ஊருக்குள் வந்து போனது.

துப்புரவுப் பணியாளர், காவலர், போக்குவரத்துக் கழக ஓட்டுநர், சுகாதாரச் செவிலியர், மின்வாரிய லைன்மேன், வருவாய்த் துறை எழுத்தர் என்று எல்லோரும் ஒரே ஊரில், ஒரே நோக்கத்துக்காக நின்றார்கள். இரவு தரிசனம் முடிந்ததும் மாட வீதிகளில் குவிந்து கிடந்த செருப்பும் தண்ணீர் பாட்டிலும் இலையும் விடிவதற்குள் காணாமல் போகும். வெளியூர் நகராட்சிகளிலிருந்தும் துப்புரவுப் பணியாளர்களை வரவழைத்திருந்தார்கள்.

தடங்கல் இல்லாமலா நடந்தது? இல்லை. ஜூலை 18 அன்று நெரிசலில் சிக்கி நான்கு பேர் உயிரிழந்தார்கள். சென்னையிலிருந்து உயர் அதிகாரிகள் வந்து ஏற்பாடுகளைப் பார்த்தார்கள். கூட்டத்தை எங்கே நிறுத்துவது, எப்போது விடுவது, யார் கண் காட்டினால் யார் கயிற்றை அவிழ்ப்பது என்பதெல்லாம் ஒரு துறை தனியாகத் தீர்மானிக்கக் கூடிய காரியமில்லை. கோயிலும் காவல்துறையும் மாவட்ட நிர்வாகமும் ஒரே நேரத்தில் நாடாவைப் பிடிக்க வேண்டிய இடம். அது பிசகும்போது உயிர் போகிறது.

இன்னொரு காட்சியும் அப்போது ஊர் முழுக்கப் பரவியது. நுழைவுச் சீட்டு விவகாரத்தில் ஒரு காவல் ஆய்வாளரை மாவட்ட ஆட்சியர் பலர் முன்னிலையில் கடிந்துகொண்ட காணொளி. பார்த்தவர்களில் பாதிப் பேர் ‘சரியான டோஸ்’ என்றார்கள். பாதிப் பேர் அந்த ஆய்வாளருக்காக வருத்தப்பட்டார்கள். அவரவர் களைப்பும் பதற்றமும் அவரவருக்கு. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: ஒருவரை எல்லார் முன்னாலும் திட்டியதால் மறுநாள் எந்த வாசலில் வரிசை ஒழுங்காக நகர்ந்தது?

ஒரே ஆட்கள், வேறு ஏற்பாடு

இரண்டாவது நிகழ்ச்சி 2023 செப்டம்பர் 15. அண்ணா பிறந்த நாளில், அண்ணா பிறந்த ஊரில், கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் தொடங்கியது. மாதம் 1,000 ரூபாய், 1.06 கோடிப் பெண்களுக்கு. அரசியலை விடுங்கள்; வேலை நடந்த விதத்தைப் பாருங்கள்.

ரேஷன் கடை ஊழியர்கள் வீடு வீடாகப் போய் விண்ணப்பமும் டோக்கனும் கொடுத்தார்கள். எந்த நாளில், எந்த நேரத்தில் முகாமுக்கு வர வேண்டும் என்பது அதிலேயே இருந்தது. ஜூலை 24 அன்று முகாம்கள் தொடங்கின. சுமார் 1.63 கோடி விண்ணப்பங்கள் வந்தன. ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் செலவாகிறதா, நன்செய் ஐந்து ஏக்கருக்கு மேல் இருக்கிறதா, கார் இருக்கிறதா என்று பார்க்க மின்வாரியம், நிலப் பதிவு, போக்குவரத்துத் துறை ஆகியவற்றின் பதிவேடுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டார்கள். மறுக்கப்பட்டவர்களுக்குக் காரணத்தோடு குறுஞ்செய்தி போனது. கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். விடுபட்டவர்களின் மனக்குறை இன்றும் உண்டு, அது நியாயமான விவாதம். ஆனால் இரண்டு மாதத்துக்குள் இத்தனை மனுக்களுக்குப் பதில் சொன்னது இதே வருவாய்த் துறை, இதே கூட்டுறவுத் துறை, இதே வி.ஏ.ஓ.க்கள்.

எங்கள் வாரிசுச் சான்றை மூன்று மாதம் இழுத்த அமைப்புதான் இதையும் செய்தது. ஆட்களை யாரும் மாற்றவில்லை. இந்த முறை எங்கே ஒருவர் வேலை முடிகிறதோ அங்கேயே அடுத்தவர் கை நீட்டிக்கொண்டிருந்தது. முடிவுத் தேதி ஒன்று இருந்தது. நடுவில் தொங்க இடமில்லை.

இதே பாடத்தைத் தமிழ்நாடு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒருமுறை எழுதியிருக்கிறது. 1994-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் ஒவ்வோர் அரசு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக் கொடுத்தது. இவ்வளவு தொகைக்கு மருந்து எடுக்கலாம், மாவட்டக் கிடங்கில் இருக்கிறது, எடுத்ததைப் பதிந்துகொள் என்ற அளவுதான். வாங்குபவர், சேமிப்பவர், கேட்பவர் மூவரும் ஒரே புத்தகத்தைப் பார்த்தார்கள். மருந்தாளுநரின் நேர்மையைப் பற்றி யாரும் பிரசங்கம் செய்யவில்லை. பிற மாநிலங்கள் வந்து பார்த்து, அதே மாதிரி அமைத்துக்கொண்டன.

சாட்டை எவ்வளவு தூரம் போகும்?

சாட்டையை நாம் சுழற்றிப் பார்க்காமலும் இல்லை. 2003 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த சுமார் 1.7 லட்சம் அரசு ஊழியர், ஆசிரியர்களைத் தமிழக அரசு ஒரே நடவடிக்கையில் பணிநீக்கம் செய்தது. உச்ச நீதிமன்றம் வரை போய், ஆகஸ்டில் பெரும்பாலோர் திரும்பி வந்தார்கள். வேலைநிறுத்த உரிமை பற்றிய தீர்ப்பாக அது சட்டப் புத்தகங்களில் இடம்பெற்றது. ஒரு பட்டா எத்தனை நாளில் மாற வேண்டும் என்ற கேள்வி அப்படியே கிடந்தது.

‘அலுவலகத்துக்கு வருகிறார்களா என்று கைரேகை மெஷின் வைத்துப் பார்’ என்பது இன்றைய சாட்டை. ராஜஸ்தானின் உதய்ப்பூர் பகுதியில் இது போன்ற ஒன்றைச் சோதித்துப் பார்த்தவர்கள் உண்டு. கிராமச் செவிலியர்கள் நாளுக்கு மூன்று முறை நேரமுத்திரை பதிய வேண்டும், வராவிட்டால் சம்பளம் பிடிப்பு என்றார்கள். முதல் சில மாதம் வருகை நன்றாகக் கூடியது. சுமார் ஒன்றரை ஆண்டில் அந்த முன்னேற்றம் கரைந்துபோயிற்று. ‘இன்று வேறு பணி’ என்று விலக்கு நாள்கள் பெருகிக்கொண்டே போயின. மேலதிகாரிகள் கையெழுத்துப் போட்டுக்கொடுத்தார்கள். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ, ரேச்சல் கிளெனர்ஸ்டர் செய்த ஆய்வு இது. கீழே இருப்பவரை மட்டும் கண்காணித்து, மேலே இருப்பவரின் பொறுப்பைத் தொடாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது.

பக்கத்தில் ஒரு கை

ஆள் பற்றாக்குறை என்கிற இரண்டாம் கட்சியின் வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. 2024-இல் குரூப் 4 தேர்வை 6,244 இடங்களுக்கு அறிவித்தபோது விண்ணப்பித்தவர்கள் சுமார் 20 லட்சம். ஒரு வி.ஏ.ஓ. இரண்டு மூன்று கிராமத்தைக் கூடுதல் பொறுப்பாகப் பார்ப்பது எங்கும் சகஜம். ஆனால் ஆள் சேர்ப்பதிலும் எங்கே சேர்ப்பது என்று ஒன்று உண்டு.

தமிழ்நாட்டின் நான்கு மாவட்டங்களில் 320 அங்கன்வாடி மையங்களை எடுத்துக்கொண்டு ஒரு சோதனை நடந்தது. பாதி மையங்களில் பகுதிநேரமாக ஒரே ஒரு கூடுதல் பணியாளர். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வது மட்டும் அவர் வேலை. அதுவரை ஒரே அம்மா சமைப்பதை மேற்பார்வையிட்டு, எடை பார்த்து, பதிவேடு எழுதி, பாடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் கூடுதல் கை வந்ததும் பாடம் நடக்கும் நேரம் இரட்டிப்பானது. பிள்ளைகளின் மொழி, கணக்குத் திறன் உயர்ந்தது. இன்னொன்றும் நடந்தது: பழைய பணியாளருக்கு ஊட்டச்சத்து வேலைக்கு நேரம் கிடைத்தது, வளர்ச்சி குன்றிய பிள்ளைகளின் விகிதமும் குறைந்தது. புதிதாக வந்தவர் பாடம்தான் சொன்னார். ஊட்டச்சத்துப் பலன் பழையவர் கையிலிருந்து வந்தது.

பிள்ளையார்பாளையத்து அம்மா வலது கரை நாடாவைப் பிடித்த மாதிரியேதான் இது. ஒரு காலத்தில் இந்த ஊர்த் தறிகளில் அந்தப் பக்கத்தில் பள்ளிக்குப் போக வேண்டிய சிறுவர்கள் உட்கார்ந்திருந்தார்கள் என்பதும் மறக்கக் கூடாத வரலாறு. அது ஒழிக்கப்பட வேண்டிய கொடுமைதான். ஆனால் அந்த இடத்துக்கு முறையாகக் கூலி கொடுத்து ஒரு ஆளை வைக்காமல், ‘ஒருவரே இரண்டு பக்கமும் நெய்’ என்று சொன்னால் கோர்வை வராது. கோர்வையில்லாமல் எளிதாக நெய்யும் ரகங்களுக்குப் பலரும் மாறிப்போனதற்கு அந்தத் துணைக்கு ஆள் கிடைக்காததும் ஒரு காரணம்.

அரசிலும் அப்படித்தான். இரண்டாவது கை வேண்டிய இடத்தில் நிரந்தரப் பணியாளரை வைக்காமல் ஒப்பந்தத்தில் ஆள் எடுத்து ஓட்டுகிறோம். 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன் துப்புரவுப் பணியாளர்கள் நாள் கணக்கில் உட்கார்ந்தார்களே, அவர்கள் கேட்டதன் உள்ளே இந்தக் கேள்வியும் இருந்தது: நாங்கள் யாருடைய ஆட்கள்? நாளை இந்த வேலை தன்னுடையதா என்று தெரியாதவரிடம் வேலையில் அக்கறையை மட்டும் எப்படி எதிர்பார்ப்பது?

தன் கணக்கைத் தானே

காஞ்சிபுரத்திலிருந்து தெற்குப் பக்கமாகப் போனால் உத்திரமேரூர். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. ஆண்டு 919, 921. குடவோலைத் தேர்தலுக்காக எல்லாப் பாடப்புத்தகத்திலும் வருபவை. முப்பது குடும்புகள், அவற்றிலிருந்து சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் என்று குழுக்கள், 360 நாள் பதவி. அந்தச் சபையில் இடம் நிலமுள்ள பிராமண ஆண்களுக்கு மட்டும்தான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மக்களாட்சி என்று மார்தட்டிக்கொள்ள அது போதாது.

ஆனால் நிர்வாகம் நடத்தத் தெரிந்தவர்கள் எழுதியது அது என்பதில் சந்தேகமில்லை. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடி நிற்க முடியாது. அவருடைய உறவினர்களும் முடியாது. இதைப் பலரும் சொல்வார்கள். அதிகம் பேசப்படாத ஒரு விதி கடைசிப் பகுதியில் இருக்கிறது: கணக்கெழுதியவர் தான் எழுதிய கணக்கைத் தானே ஒப்படைத்துத் தூய்மையானவர் என்று ஏற்கப்பட வேண்டும், வேறு கணக்கரைக் கொண்டுவந்து அந்தக் கணக்கை முடிக்கக் கூடாது.

ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முன்பே இவர்களுக்குத் தெரிந்திருக்கிறது, கணக்கு தொலைவது ஆள் மாறும் இடத்தில்தான் என்று.

இன்றைக்கு ஒரு தாசில்தாரோ ஆணையரோ மாறும்போது என்ன ஒப்படைக்கப்படுகிறது? பொறுப்பேற்புச் சான்றில் ஒரு கையெழுத்து, சால்வை, பூங்கொத்து. மேசையில் நிலுவையில் இருக்கும் மனுக்கள் எத்தனை, எது எந்தக் காரணத்தால் நிற்கிறது என்ற பட்டியல் கை மாறுவது அபூர்வம். ஆண்டுக்கொருமுறை நடக்கும் ஜமாபந்தியில் கிராமக் கணக்குகளைப் பார்க்கிறார்கள், நல்ல மரபுதான். ஆனால் ஓர் அதிகாரி தன் காலத்துக் கணக்கை முடித்துவிட்டுத்தான் நாற்காலியை விட்டு எழ வேண்டும் என்ற உத்திரமேரூர் விதி அதில் இல்லை.

பேர் போட்ட புடவை

சகாயம் ஐ.ஏ.எஸ். 2012 முதல் 2014 வரை கோ-ஆப்டெக்ஸின் நிர்வாக இயக்குநராக இருந்தார். 1935-இல் தொடங்கிய அந்த நிறுவனம் அப்போது நட்டத்தில் இருந்து லாபத்துக்கு வந்தது. அவர் செய்தவற்றில் சின்னதாகத் தோன்றும் ஒன்று: புடவையோடு அதை நெய்தவரின் படமும் பேரும் உள்ள ஒரு அட்டை. வாங்குபவருக்கு ஒரு முகம் தெரிந்தது. நெய்தவருக்குத் தன் கைவேலை யார் கைக்கோ போகிறது என்று தெரிந்தது. நெசவாளர் புடவையை அறுத்துச் சங்கத்தில் கொண்டுபோய் வைக்கும்போது மேலாளர் விரித்துப் பார்க்கிறார். இழை விட்டிருந்தால் அங்கேயே சொல்கிறார். முடிந்த வேலையைப் பார்ப்பதும், அதற்குப் பேர் கிடைப்பதும் நெசவுக்கு உண்டு. ஓர் இளநிலை உதவியாளருக்கு? அவர் எழுதிய குறிப்பு ஒரு கிழவிக்கு உதவித்தொகையாக மாறியதா என்பது அவருக்குக் கடைசிவரை தெரியாது.

பிரேசிலின் செஆரா மாநிலத்தில் 1987-இல் ஆயிரக்கணக்கான சாதாரணப் பெண்களைச் சுகாதாரப் பணியாளர்களாக எடுத்தார்கள். ஊரறியத் தேர்வு நடத்தி, ‘இவர்கள் உங்கள் வீட்டுக்கு வருவார்கள், வராவிட்டால் சொல்லுங்கள்’ என்று அரசே விளம்பரம் செய்தது. ஐந்தாண்டில் குழந்தை இறப்பு ஆயிரத்துக்கு 102-இலிருந்து 65-க்கு இறங்கியது. அந்தப் பெண்கள் கொடுத்த வேலைக்கு மேலும் செய்தார்கள் என்று அதை ஆராய்ந்த ஜூடித் டெண்ட்லர் எழுதினார். ஊர் மதித்தது, ஊர் கேள்வியும் கேட்டது. இரண்டும் சேர்ந்தே வந்தன.

கேள்வி கேட்பது அதிகச் செலவுள்ள காரியமும் இல்லை. தெலங்கானாவில் 2018-இல் விவசாயிகளுக்கான ‘ரைத்து பந்து’ உதவித்தொகைக் காசோலை கொடுத்தபோது, ‘உங்கள் பகுதி விவசாயிகளுக்குப் போன் செய்து கிடைத்ததா என்று கேட்போம்’ என்று அதிகாரிகளிடம் முன்கூட்டியே சொன்னார்கள். சொன்ன இடங்களில் வினியோகம் மேம்பட்டது. கர்நாடகம் 2012 முதல் நடத்தும் ‘சகாலா’ ஏற்பாட்டில், குறித்த நாளுக்குள் சேவை கிடைக்காவிட்டால் நாளுக்கு 20 ரூபாய், அதிகபட்சம் 500 ரூபாய் இழப்பீடு. தொகை சிறியது. ஆனால் மனு எந்த மேசையில் நிற்கிறது என்பதை அது பெயரோடு காட்டிவிடுகிறது. சேவை உரிமைச் சட்டம் வேண்டும் என்ற குரல் தமிழ்நாட்டிலும் பல ஆண்டுகளாக ஒலிக்கிறது.

நாளைக் காலை செய்யலாம்

இதற்கெல்லாம் ஆணையம் அமைத்துக் காத்திருக்க வேண்டியதில்லை. உட்பிரிவு தேவைப்படாத நிலத்துக்குப் பத்திரம் பதிவானதும் பட்டா தானாக மாறும் வசதி வந்துவிட்டது. பதிவுத் துறையும் வருவாய்த் துறையும் கோர்க்கப்பட்டதால்தான் அது நடந்தது. உட்பிரிவு வேண்டிய நிலத்தில் சர்வேயர் வர வேண்டும், அங்கே நிற்கிறது. அப்படியானால் அடுத்த நியமனம் எங்கே என்பதற்குப் பதில் அங்கேயே இருக்கிறது.

கைத்தறித் துறையின் ஓய்வூதியம், வருவாய்த் துறையின் முதியோர் உதவித்தொகை என்று ஒரு வயதான நெசவாளி இரண்டு வாசல் ஏறுகிறார். ஒருவர் கொடுத்தால் மற்றவர் கொடுக்கக் கூடாது என்று சரிபார்க்க மட்டும் இரு துறைகளுக்கும் அக்கறை. இரண்டுக்கும் ஒரே மனு, ஒரே ஆள் பதில் என்று வைத்தால் என்ன குறைந்துவிடும்?

திங்கள்தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டத்தில், மனு வாங்குவதோடு ‘இது எந்த மேசைக்கும் எந்த மேசைக்கும் நடுவே நின்றது?’ என்று ஒரே ஒரு கேள்வியைக் கேட்டு எழுதி வைக்கலாம். ஆறு மாதத்தில் மாவட்டத்தின் விட்டுப்போன கோர்வைகள் எல்லாம் ஒரு தாளில் வந்துவிடும். மாறுதலாகிப் போகும் அதிகாரி நிலுவைப் பட்டியலில் தானே கையெழுத்திட்டு, அதை அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டுப் போகலாம். உத்திரமேரூர்க்காரர்கள் கல்லில் வெட்டினார்கள். நமக்குக் காகிதம் போதும்.

மாலையில் மறுபடி அந்தத் திண்ணைக்குப் போனேன். காலையில் பார்த்த இடத்திலிருந்து நாலு விரற்கடை துணி ஏறியிருந்தது. அந்த அம்மா எழுந்து உலை வைக்கப் போயிருந்தார். தறி சும்மா இருந்தது. “ஒரு வரி ஓட்டிப் பாக்கறீங்களா?” என்று கேட்டார் தறிக்காரர். வலப்பக்கம் உட்கார்ந்து, அவர் சொன்னபடி நாடாவைப் பிடித்தேன். மூன்றாவது முறையே இழை விட்டுப்போயிற்று.

அவர் திட்டவில்லை. மிதியை நிறுத்தி, விட்ட இழையை விரலால் தேடி எடுத்து, “இங்கதான் சார்” என்று காட்டினார்.